அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலர்: தேவாரமும் வம்சாவளியும் மட்டும் போதுமா?

#1 வடலி
எல்லாருக்கும் வணக்கம். அம்மம்மா 2025 செப்டம்பர் 7 பின்னேரம் 3 மணியளவில் மொன்றியலில் காலமானா. வயது 91. ஆறு பிள்ளைகள், 17 பேரப்பிள்ளைகள், 11 பூட்டப்பிள்ளைகள். அம்மப்பா 1971இல் காலமான பிறகு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டத்தைத் தானே நின்று நடத்தினவ. அந்தியேட்டிக்கு (31ஆம் நாள் கிரியை) கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்கிற பொறுப்பை என்னிடம் தந்திருக்கினம். கையில் இருப்பது ஒரு சாதகக் கொப்பி, பழைய இலங்கை அடையாள அட்டை, ஒரு பெட்டி காணி உறுதிகள், 40 படம் வரை. சாதகத்தில் "ஸ்ரீமுக வருடம் தை மாதம் 12ந் திகதி வியாழக்கிழமை" என்று இருக்கு. மாமா 1933 என்கிறார், சித்தி 1934 என்கிறா. எதிலிருந்து தொடங்க?

#2 அச்சுக்கூடம்
முதலில் நாள் கணக்கு. இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 31ஆம் நாள் அக்டோபர் 7. பின்னாலிருந்து எண்ணுங்கள். புத்தகம் 28ஆம் நாள் கையில் இருக்கவேண்டும். மடிப்பு, தைப்பு, வெட்டு, காய்வு எல்லாவற்றுக்கும் 4 நாள். அச்சுக்கு 2 நாள். ஆக 22ஆம் நாள் கடைசிப் படி கையெழுத்தாக வேண்டும். வடிவமைப்புக்கும் இரண்டு தரம் பிழை திருத்தவும் ஒரு கிழமை. எழுத்து முழுக்க 14ஆம் நாள் வந்து சேரவேண்டும். கனபேர் 20ஆம் நாள்தான் கட்டுரை கேட்கத் தொடங்குவார்கள். அதுதான் எல்லாக் கல்வெட்டும் ஒரே மாதிரி வருவதற்குக் காரணம்: நேரம் போய்விட்டது, பழைய கோப்பில் பெயரை மாற்றி அடி.

ஏ5 அளவு. பக்கம் 4ஆல் வகுபட வேண்டும். 16, 32, 48 என்று போனால் கடதாசி வீணாகாது. நடுவில் கம்பி அடிப்பதென்றால் 64 பக்கம் வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் போனால் வெளி ஓரம் பிதுங்கும், பசைக் கட்டுக்குப் போகவேண்டும். பசைக் கட்டென்றால் உள் ஓரத்தில் 20 மிமீ விடுங்கள், இல்லாவிட்டால் பாட்டின் முதல் எழுத்து முதுகுக்குள் போய்விடும்.

#3 திண்ணை
அச்சுக்கூடம் சொன்ன அதே காரணத்துக்காக நான் எப்பவும் சொல்லுறது: ரெண்டு புத்தகம் போடுங்கோ. 31க்கு 16 பக்கத்தில ஒண்டு. படம், திதி வெண்பா (செத்த திதியைச் சொல்லுற பாட்டு), பஞ்சபுராணம், சிவபுராணம், ரெண்டு பக்க வரலாறு, நன்றி. அவ்வளவுதான். ஆட்டைத் திவசத்துக்கு (ஒரு வருச முடிவில) பெரிசு. 31 நாளுக்குள்ள ஒரு 91 வருசத்தை எழுத ஏலாது. செத்தவீட்டுக் களைப்பில இருக்கிற பிள்ளையளிட்டக் கேட்டால் "அம்மா தெய்வம்" எண்டுதான் வரும். பொய்யில்லை, ஆனால் அதில எந்த அம்மாவின்ர பேரையும் போடலாம்.

இன்னொண்டு. அறிவித்தல்களைப் பாருங்கோ: இன்னாரின் பாசமிகு புதல்வி, இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் தாயார், இன்னாரின் மாமியார். முழுக்க உறவு. தொழில் எண்டு வந்தால் "இல்லத்தரசி". தனிய நிண்டு தோட்டம் செய்த மனிசிக்கு அந்தச் சொல் காணாது. எத்தினை பரப்புக் காணி, என்ன பயிர், எந்தக் கிணறு, எத்தினை முறை இறைப்பு, கூலிக்கு ஆர் வந்தது, ஆருக்கு வித்தது. இதை எழுதினால் "உழைப்பாளி" எண்ட சொல்லே தேவைப்படாது.

#4 திதிக்கணக்கு
வடலி, சித்தி சொல்வது சரி.

ஸ்ரீமுக வருடம் 1933 சித்திரையில் பிறந்து 1934 பங்குனியில் முடிகிறது. தை மாதம் அந்த வருடத்தின் கடைசிப் பகுதியில் வரும். ஆகவே ஜனவரி 1934. மாமா ஸ்ரீமுக என்றால் 1933 என்று பட்டியலில் பார்த்து அப்படியே எடுத்திருப்பார். தை, மாசி, பங்குனியில் பிறந்த எல்லாருக்கும் நடக்கிற வழமையான தவறு இது. அடுத்தது நாள். அந்தக் காலத்தில் தை 1 ஜனவரி 13 அல்லது 14இல் வரும், எனவே தை 12 என்பது ஜனவரி 24 அல்லது 25. கிழமையை வைத்து முடிவெடுங்கள்: 1934 ஜனவரி 25 வியாழன். 1933இல் அதே 24, 25 செவ்வாயும் புதனும். கிழமை எழுதிய சாதகம் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

அடையாள அட்டையிலும் பாருங்கள். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு பிறந்த வருடம். அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஜனவரி 25 என்றால் 34525 என்று தொடங்கவேண்டும். மார்ச் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். லீப் இல்லாத வருடத்தில் நேரே எண்ணினால் ஒரு நாள் பிசகும்.

#5 வடலி
34525 தான்! நன்றி அண்ணை. மாமாவுக்கு அனுப்பிவிட்டேன். திதியையும் பார்த்துச் சொல்லுவீங்களா? இங்கே காலண்டரில் அன்றைக்குப் பௌர்ணமி என்று இருக்கு.

#6 திதிக்கணக்கு
இதில்தான் வெளிநாட்டில் அரைவாசிப் பேர் பிழை விடுகிறார்கள். திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரம். உலகம் முழுக்க ஒரே கணத்தில் மாறும். உங்கள் மணிக்கூடு மட்டும்தான் வேறு. இலங்கைப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதென்றால் இறந்த நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். மொன்றியல் கோடையில் 9½ மணி, குளிரில் 10½ மணி பின்னால்.

செப்டம்பர் 7 பிற்பகல் 3 மணி, இலங்கையில் 8ஆம் திகதி அதிகாலை 12.30. பௌர்ணமி திருக்கணித பஞ்சாங்கப்படி 7ஆம் திகதி இரவு 11.40க்குக் கிட்ட முடிந்துவிட்டது (அன்றிரவு முழுச் சந்திரகிரகணம், கனபேருக்கு ஞாபகம் இருக்கும்). எனவே விசுவாவசு வருடம், ஆவணி மாதம், அபரபக்கப் (தேய்பிறை) பிரதமை. பௌர்ணமி இல்லை.

வாக்கிய பஞ்சாங்கம் பார்க்கிற குடும்பமென்றால் முடிவு நேரம் சில மணித்தியாலம் தள்ளி வரலாம். இப்படி எல்லையில் நிற்கிற நேரத்துக்கு அது திதியையே மாற்றிவிடும். உங்கள் வீட்டுக் குருக்கள் எந்தப் பஞ்சாங்கத்தில் திவசம் குறிப்பாரோ அதையே வெண்பாவிலும் போடுங்கள். புத்தகத்தில் ஒன்று, திவசம் வேறொன்று என்று வந்தால் பத்து வருடம் கழித்துச் சண்டை. இறந்த நேரத்தை மணி, நிமிடம், ஊரோடு கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். பின்னால் வருகிறவர் தானே கணக்குப் பார்க்கலாம்.

#7 யாப்புக்கிறுக்கு
திதி வெண்பா பற்றி ஒரு எச்சரிக்கை. "விசுவாவசு" என்று ஒரே சீராக வைக்க முடியாது. அசை பிரித்தால் நிரை நேர் நிரை, கனிச்சீர், வெண்பாவுக்கு ஆகாது. சோபகிருது என்ற வருடப் பெயரும் அப்படித்தான். குரோதி, பராபவ இரண்டும் பேசாமல் உட்காரும். விசுவாவசுவுக்கு வழி, உடைப்பது: "விசுவா வசுவாண்டில் ஆவணியில்" என்று தொடங்கினால் புளிமா, புளிமாங்காய், கூவிளங்காய் வருகிறது, மா முன் நிரை, காய் முன் நேர், தளை தட்டவில்லை. நாலாவது சீர் நேரசையில் தொடங்கவேண்டும். "தேயும்" போட்டால் அபரபக்கமும் சொல்லியாச்சு. அடுத்த அடி நிரையில் தொடங்கும். பிரதமைக்கு அது பொருந்தும், ஆனால் எதுகை சேராது. எதுகைக்கு இரண்டாவது எழுத்து சுகரமாகத் தேடவேண்டும். அதுதான் பாடு.

ஈற்றடி மூன்று சீர், கடைசி நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்று. செயலிகள் எழுதித் தரும் "வெண்பா"க்களில் நாலு வரி இருக்கும், வேறொன்றும் இருக்காது. ஊரில் எழுதித் தருகிற புலவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவரிடம் வருடம், மாதம், பக்கம், திதி, பெயர், ஊர் ஆறையும் எழுத்தில் கொடுங்கள், தொலைபேசியில் சொல்லாதீர்கள்.

#8 உறுதிப்பெட்டி
ஒருவரும் உறுதிப் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லையே!

யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வாழ்க்கைக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. தேசவழமையில் (யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டம்) சொத்து சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது) என்று பிரிந்து வருவதால் எது எப்படி வந்தது என்று உறுதியே சொல்லும். சீதன உறுதியைத் தேடுங்கள். கலியாணத்தை ஒட்டி எழுதியிருப்பார்கள்; அதில் நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி, தாய் தகப்பன் பெயர், காணியின் பெயர், நான்கு எல்லை, சில வேளை நகைக் கணக்கும். எல்லையில் வருகிற அயல்காணிக்காரர் பெயர்கள் அந்த வருடத்து ஒழுங்கையையே காட்டும். கலியாணத் திகதியில் பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் பதிவுப் பத்திரத்தை எடுங்கள். வயது, தகப்பன் பெயர், தொழில் அதில் இருக்கும்.

அடுத்தது 1971க்குப் பிறகு அவ பெயரில் வாங்கிய உறுதி ஏதும் இருக்கா பாருங்கள். இருந்தால் அதுதான் வரலாற்றின் நடுப்பகுதி: கணவன் இல்லாமல் ஒரு பெண் எந்த வருடம் எத்தனை பரப்பு சேர்த்தா என்பது கையெழுத்தோடு இருக்கு. பரப்புக் கணக்கில் கவனம். வரகுப் பரப்பு 16 ஒரு ஏக்கர், நெல்லுப் பரப்பு 24 ஒரு ஏக்கர். உறுதியில் எது எழுதியிருக்கு என்று பார்க்காமல் ஏக்கருக்கு மாற்றாதீர்கள்.

உறுதி இலக்கத்தையும் எல்லையையும் மலரில் அச்சடிக்கவேண்டாம். குடும்பத்துக்கு ஒரு நகல் போதும்.

#9 வடலி
இருக்கு! 1975இல் 3 பரப்பு, அவவின்ர பெயரில். இதை யாரும் சொன்னதில்லை.

#10 திண்ணை
1975 எண்டால் கேக்க வேண்டிய கேள்வி உடன வருது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கின காலம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நல்ல விலை. அந்தக் காசா? அவவின்ர சகோதரங்கள் ஆரும் உயிரோட இருந்தால் இண்டைக்கே எடுத்துக் கேளுங்கோ.

கேக்கிற முறை இருக்கு. வயசானவையிட்ட வருசம் கேக்காதேங்கோ, வராது. 64 மார்கழிச் சூறாவளிக்கு முன்னமா பின்னமா? 74 தை மாசம் தமிழாராய்ச்சி மாநாடு நடக்கேக்க கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதா இல்லையா? பாணுக்குக் கியூவில நிண்ட காலத்தில தோட்டத்தில என்ன நிண்டது? 95 ஐப்பசி இடப்பெயர்வில எந்தப் பாலத்தால, ஆரோட, என்னத்தைத் தூக்கிக்கொண்டு? யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 வீதி திறந்தது 2002 சித்திரை. அதுக்குப் பிறகு ஊருக்குப் போனவவா? இப்படிக் கேட்டால் வருசம் தானா விழும்.

ஒராளா இருக்கேக்க கேளுங்கோ. நாலு பேர் சுத்தி இருந்தால் ஒருத்தர் கதைக்க மூண்டு பேர் திருத்துவினம், கடைசியில சண்டைதான் பதிவாகும். 40 நிமிசத்துக்கு மேல போகாதேங்கோ. மேசையில துணி விரிச்சுப் போனை வையுங்கோ, மின்விசிறியை நிப்பாட்டுங்கோ. தொடக்கத்தில திகதி, இடம், பேசுறவரின்ர உறவு மூண்டையும் சொல்லிப் பதிவு செய்யுங்கோ.

முழு வாழ்க்கையையும் வரிசையா எழுதப் பாக்காமல் ஒரே ஒரு நாளை எழுதினால் நல்லா வரும். வெங்காயம் நிக்கிற மாசம், இறைப்பு நாள். எத்தினை மணிக்கு எழும்பினா, துலாவா இயந்திரமா, பிள்ளையள் பள்ளிக்கூடம் போக முன்னம் என்ன சமைச்சா, விளக்கு வைக்க வரேக்க கால் கழுவினது எந்தத் தொட்டியில.

#11 அடுப்படி
சமையலைப் பற்றி ஒரு பக்கம் கட்டாயம் போடுங்கோ, ஆனால் "அவ கை பட்டால் தனி ருசி" எண்டு எழுதிப்போட்டு விடாமல் அளவோட. யாழ்ப்பாணத்து வீட்டில ஒரு ஆளின்ர கைமணம் எண்டுறது முக்கால்வாசி அவவின்ர தூள்தான். வழமையான கணக்கு: செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், மிளகு 150, சீரகம் 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, கறிவேப்பிலை ரெண்டு கைபிடி. இதை வைச்சுக்கொண்டு பிள்ளையளிட்டக் கேளுங்கோ: அவ எதைக் கூட்டினவ, எதைக் குறைச்சவ? அந்த வித்தியாசம்தான் அவ.

வறுக்கிற ஒழுங்கையும் எழுதுங்கோ. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டால் மல்லி வாசம் வர முன்னம் சீரகம் கருகும். மல்லி முதல், மெல்லிய நெருப்பில, கையில நசிச்சால் உடையுமட்டும். வெந்தயம் பொன்னிறத்துக்கு மேல போனால் முழுத் தூளும் கைக்கும். மிளகாயைக் கடைசியா, நிறம் கறுக்க விடாமல். ஆறாமல் அரைச்சால் ஈரம் கட்டி ரெண்டு கிழமையில பூஞ்சணம்.

அளவு சுண்டிலதான் (முகக்கிற சின்னப் பேணி) சொல்லுவினம். நாலு சுண்டு ஒரு கொத்து, சரி. ஆனால் பழைய பால் பேணியைச் சுண்டா வைச்சிருந்த வீடுகளும் இருக்கு. அவவின்ர சுண்டு இருந்தால் அதையே எடுத்து மல்லி ஒருக்கா, மிளகு ஒருக்கா, அரிசி ஒருக்கா நிறுத்துக் கிராமில எழுதுங்கோ. ஒரே சுண்டில மல்லி அரிசியில அரைவாசி நிறையும் வராது.

#12 சைவப்பழம்
எல்லாம் சரி. பஞ்சபுராணத்துக்குப் பக்கத்தில் ஒடியற் கூழும் நண்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு மலரில் சிவபுராணத்துக்கு எதிர்ப்பக்கம் மீன்குழம்பு.

#13 அடுப்படி
சைவப்பழம் அண்ணை, தூளில மீன் இல்லை :) கூழை ஆட்டைத் திவச மலருக்கு விடலாம், அதுவும் பின்பக்கத்தில.

#14 சைவப்பழம்
சம்மதம். பாட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். சிவபுராணம் 95 வரி; அச்சான பின் எண்ணிப் பாருங்கள், இரண்டு வரி விட்டுப்போன கல்வெட்டுகள் எத்தனையோ. திருப்பொற்சுண்ணம் 20 பாட்டு. செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடியது என்பதால் பலர் சேர்க்கிறார்கள், இடமில்லாவிட்டால் முழுவதையும் விடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். பஞ்சபுராணத்தில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் என்ற வரிசை மாறக்கூடாது. அம்மம்மா தினமும் எந்தப் பாட்டுப் படித்தா என்று தெரிந்தால் தேவாரத்துக்கு அதையே வையுங்கள். அவ கும்பிட்ட ஊர்க் கோயிலுக்குப் பதிகமோ ஊஞ்சற்பாவோ இருந்தால் இன்னும் நல்லது.

#15 கிளைக்கணக்கு
வம்சாவளி. மரம் மாதிரி வரையப் போனால் ஏ5இல் 17 பேரப்பிள்ளை வந்தவுடன் எழுத்து 5 புள்ளிக்கு இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. உள்தள்ளிய பட்டியலாகப் போடுங்கள்: பிள்ளை 1, கீழே 1.1, அதற்குக் கீழே 1.1.1. 9 புள்ளிக்குக் குறையாமல்.

சிக்கல் வருவது எப்போதும் அதே இடங்களில். மச்சான் மச்சாள் கலியாணத்தில் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருவார், ஒரு இடத்தில் முழுப்பெயர், மற்ற இடத்தில் "பார்க்க 3.2" என்று போடுங்கள். குழந்தையிலேயே தவறிய பிள்ளைகளை விடாதீர்கள். ஆறு பிள்ளை என்கிறீர்கள், பெற்றது எட்டாக இருக்கலாம், சித்தியிடம் மெல்லக் கேளுங்கள். பிரிந்த தம்பதியை என்ன செய்வது என்று அவரவர் வீட்டில் எழுத்தில் கேட்டு எடுங்கள், நீங்களாக முடிவெடுக்கவேண்டாம். பெறாமக்கள், மருமக்கள் இரண்டையும் குழப்பாமல் பிரியுங்கள். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் பெயரை அவர்கள் எழுதுகிற மாதிரியே ஒலித்துக் கேட்டுத் தமிழில் எழுதுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி வேண்டாம். வங்கிகள் தாயின் கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரைப் பாதுகாப்புக் கேள்வியாக வைத்திருக்கின்றன. வம்சாவளி அதை அப்படியே கொடுத்துவிடும். யார் யார் அந்தக் கேள்வி வைத்திருக்கிறீர்களோ மாற்றிவிடுங்கள் என்று குடும்பக் குழுவில் ஒரு வரி போடுங்கள்.

#16 அச்சுக்கூடம்
படமும் எழுத்தும் மிச்சம்.

அட்டைப்படம் பெரும்பாலும் ஒரு பாஸ்போட் படத்திலிருந்துதான் வரும். 3.5 செமீ அகலப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 827 புள்ளி, அச்சில் 7 செமீதான் கூர்மையாக வரும். பக்கம் நிறைய வேண்டுமென்றால் 1200 டிபிஐ. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்காதீர்கள், மேல்தோல் கண்ணாடியிலேயே நின்றுவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் பண்ணுங்கள். தேன்கூடு மாதிரி புடைப்பு உள்ள பழைய ஸ்டூடியோக் கடதாசியை ஸ்கானர் வெள்ளைப் புள்ளியாகக் காட்டும். படத்தை 180 பாகை திருப்பி இரண்டாவது தரம் எடுத்து இரண்டையும் சேர்த்தால் பெரும்பகுதி மறையும். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் கைஎழுத்தும் அங்கேதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், ஆவணமாக அனுப்புங்கள். முகச் சுருக்கத்தை அழித்துப் பளபளப்பாக்கும் செயலி வேண்டாம். 91 வயதுக்காரிக்கு 30 வயதுத் தோல் வந்தால் பேரப்பிள்ளையே கண்டுபிடிக்காது.

எழுத்தை ஒருங்குறியில் (யூனிகோட்) தாருங்கள். இன்னும் பல அச்சகங்களில் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. மாற்றும்போது ஸ்ரீ, மேற்கோள் குறி, இடையில் வரும் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் குப்பையாகும். உங்கள் "ஸ்ரீமுக" நிச்சயம் உடையும், அதை முதலில் பாருங்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் ஒருங்குறி வைத்தால் வேர்ல்ட்-ரெடி கம்போசரைப் போடவேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிழை பார்ப்பதை எழுத்துருக்கள் உள்ளே பதித்த பிடிஎஃப்பில், கடதாசியில் எடுத்து, எழுதாத ஒருவர் செய்யவேண்டும். பெயர்களை மட்டும் தனியாக ஒரு தரம்.

கடதாசி உள்ளே 100 ஜிஎஸ்எம், படப்பக்கம் 130 ஆர்ட், அட்டை 300. எத்தனை பிரதி என்பதற்கு ஆட்களை எண்ணாமல் வீடுகளை எண்ணுங்கள், ஊருக்கு ஒரு கட்டு, மிச்சத்துக்கு 30. 200க்குக் குறைவென்றால் டிஜிட்டல் அச்சு மலிவு. அதற்கு மேல் போகப் போக ஆஃப்செட்.

#17 உறுதிப்பெட்டி
வெளியான திகதி, ஊர், அச்சகம், தொகுத்தவர் பெயர் இவை இல்லாமல் பல கல்வெட்டுகள் வருகின்றன. கடைசிப் பக்கத்தில் போடுங்கள். "நூலகம்" என்ற வலைத்தளத்தில் நினைவு மலர்களுக்கெனத் தனித் தொகுப்பே இருக்கிறது, ஒரு பிரதியையோ பிடிஎஃப்பையோ அவர்களுக்குக் கொடுக்கலாம். ஊர் வரலாறு தேடுகிறவர்கள் இந்தக் கல்வெட்டுகளைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

#18 வடலி
இரண்டு புத்தகம் என்று வீட்டில் ஒத்துக்கொண்டாச்சு. 31க்கு 16 பக்கம். சித்தியிடம் கேட்டேன்: பெற்றது ஏழு, ஒன்று 1958இல் நாலு மாதக் குழந்தையாகத் தவறினது, பெயர் வைக்கமுன்னம். அதை எப்படி எழுதுவது?

#19 கிளைக்கணக்கு
பிறந்த ஒழுங்கில் அதன் இடத்திலேயே, அதற்கென்று ஒரு எண் கொடுத்து: "3. பெண் குழந்தை (1958), நான்கு மாதத்தில் காலமானது." ஆணா பெண்ணா என்று கேட்டு எழுதுங்கள். மற்றவர்களின் எண்கள் அதற்கேற்ப மாறும், எனவே இப்போதே செய்யுங்கள், வடிவமைப்பு முடிந்த பிறகு மாற்றினால் "பார்க்க 3.2" எல்லாம் பிழைக்கும்.